ஊர் வலப்பக்கம் இருந்தது

சான் ஹோசேயில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ டிரைவில் ஒரு சீனக் கடை இருக்கிறது. முருங்கைக்காயும் சேப்பங்கிழங்கும் இந்தியக் கடையைவிட அங்கேதான் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. போன சனிக்கிழமை மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் புதிதாக ஒரு அடுப்பு வைத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு சுட்டு விற்கிறார்கள். கதவு திறந்து அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் தள்ளுவண்டியைத் தள்ளாமல் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் தன் வண்டியால் என் குதிகாலில் ஒரு இடி இடித்துவிட்டு அவரே ஸாரியும் சொன்னார். என் மகள், "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்வீட் பொட்டேட்டோ. கேன் வீ மூவ்?" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும், பாவம். அவள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, தொண்ணூற்றெட்டு அக்டோபரில், சீனாவில் ஷியான் நகரத்து ரயில் நிலையத்துக்கு முன்னால் நடைபாதையில் உட்கார்ந்து, கையைச் சுட்டுக்கொண்டு, கண்ணில் நீரோடு நான் இதே கிழங்கைத் தின்றிருக்கிறேன். என் ஆயுளிலேயே நான் அதிகம் நடந்த நாள் அது. அந்த மாதிரி ஒரு நாள் இன்னொன்று எனக்கு வாய்க்கவில்லை. வாய்த்தாலும் இனிமேல் முழங்கால் ஒத்துழைக்காது.

கதையைச் சொல்வதென்றால் என் இடது காலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மூன்று வருஷம் முன்னால், ஒரு டிசம்பர் மழையில், 880 ஃப்ரீவேயில் என் கார் தட்டாமாலை சுற்றி நடுத்தடுப்பில் போய் மோதியது. குற்றம் யார் மேலும் இல்லை. மழை, தேய்ந்த டயர், அதை மாற்றச் சொல்லி மூன்று மாதமாகக் கத்திய கணவரின் பேச்சைக் கேட்காத நான், அவ்வளவுதான். இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. உள்ளே ஒரு எஃகுக் கம்பியைச் செருகி ஒட்டவைத்தார்கள். ஒட்டியது, ஆனால் அரை அங்குலம் குட்டையாக ஒட்டியது. அன்றிலிருந்து என் இடது ஷூக்களுக்கெல்லாம் அடியில் அரை அங்குலம் கூடுதலாக ஒட்டுப் போட வேண்டும். ஜோடி ஷூவை வாங்கி ஒன்றை மட்டும் தைக்கக் கொடுக்கும் பெண்ணை ஷூ தைக்கும் கடைக்காரர் எப்போதும் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடுதான் பார்ப்பார்.

எனக்கு ஊர் திருவண்ணாமலை. விபத்துச் செய்தியை என் கணவர் சேகர்தான் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னார்.  அம்மா, "அவ எழுந்து நடந்தா போதும் மாப்ளே. நடந்து வந்து மலையச் சுத்துவான்னு வேண்டிக்கிட்டேன். அவகிட்ட சொல்லிடுங்க" என்றாளாம். சேகர் இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் மயக்க மருந்தின் தயவில் சிரித்தேன்.

இதில் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது, உங்களிடம் சொல்வதற்கென்ன. திருவண்ணாமலையில் பிறந்து, படித்து, கல்யாணமாகி விமானம் ஏறும் வரை நான் ஒருமுறைகூட கிரிவலம் போனவளில்லை. மலையைச் சுற்றுவது வெளியூர்க்காரர்கள் வேலை என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு எண்ணம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறவர்களுக்கு வழி சொல்லுவோம், தண்ணீர் கொடுப்போம், வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம். பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாமல், மலை வலது கைப் பக்கம் இருக்க. விதியெல்லாம் மனப்பாடம். நடந்ததுதான் இல்லை.

ஒரு வருஷத்தில் ஊன்றுகோலோடு நடந்தேன். ஒன்றரை வருஷத்தில் கோல் இல்லாமல் வீட்டுக்குள் நடந்தேன். ஆனால் ஊருக்கு மட்டும் போகவில்லை. ஞாயிறு தவறாமல் அம்மாவிடம் பேசுவேன். பேச்சு முடியும்போது அவள், "எப்ப வர?" என்பாள்.  லீவு எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துவிட்டது என்பேன். ப்ராஜெக்ட் என்பேன். கிரீன் கார்டு பேப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, அதனால் சொல்ல வசதியாகவும் இருந்தது. முழு உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். நான் ஊருக்குப் போனால் தெருவே திரண்டு வழியனுப்பும். நான் மூன்றாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுவேன். யாராவது ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வருவார்கள். அம்மா அப்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் யாருக்கும் தெரியாமல் பயிற்சி எடுக்க ஆரம்பித்தேன். எங்கே என்கிறீர்கள்? மாலில். அப்போதெல்லாம் சான் ஹோசேயில் கடைகள் திறப்பதற்கு முன்பே மாலின் கதவைத் திறந்துவிடுவார்கள். ரிட்டயரான அமெரிக்கத் தாத்தாக்களும் பாட்டிகளும் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு உள்ளேயே சுற்றிச் சுற்றி நடப்பார்கள். தரை வழவழவென்று சமமாக இருக்கும், களைத்தால் உட்கார பெஞ்சு இருக்கும். அவர்கள் எல்லாரும் இடப்பக்கமாகச் சுற்றுவார்கள். நான் ஒருத்தி மட்டும் நடுவில் இருந்த செயற்கை நீரூற்று வலது கைப் பக்கம் இருக்கும்படி எதிர்த்திசையில் வருவேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை குட்மார்னிங் சொல்ல வேண்டியிருந்தது. என் பிசியோதெரபிஸ்ட் பெண், ஒரே மூச்சில் ஒரு மைலுக்கு மேல் ஆசைப்படாதே என்று சொல்லியிருந்தாள். நான் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து எழுந்து நாலு மைல் வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் கால் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனி என்னையும் லானையும் ஷியானுக்கு அனுப்பியது. லான் எங்கள் லேபில் எனக்கு சீனியர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஷியானில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி அமெரிக்கா வந்தவள். நாங்கள் நெருக்கமானதற்குக் காரணம் மைக்ரோவேவ். அவள் கருப்பு வினிகர் போட்ட நூடுல்ஸைச் சுடவைத்தாலும், நான் பெருங்காயம் போட்ட சாம்பாரைச் சுடவைத்தாலும் லஞ்ச் ரூமில் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். ஆகவே இரண்டு பேருமாக ஒரு மூலை மேஜைக்கு ஒதுங்கிக்கொண்டோம். லானுக்கு மனதில் பட்டதை மூடிச் சொல்லத் தெரியாது. நான் நொண்டி நடப்பதை ஒருவரும் பார்க்காத மாதிரி பார்க்கும் ஆபீஸில், "இன்றைக்கு நேற்றைவிட மோசம்" என்று நேராகச் சொல்பவள் அவள் ஒருத்திதான்.

ஷியானுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் எங்கள் கம்பெனிக்குச் சில பாகங்கள் செய்துகொண்டிருந்தார்கள். அவற்றைச் சோதித்து ஓகே சொல்வது எங்கள் வேலை. இரண்டு வாரம், நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டல் அறையில், மேஜைமேல் கிடந்த நகர வரைபடத்தைச் சும்மா விரித்தேன். பழைய ஊரைச் சுற்றி ஒரு கோட்டைச் சுவர் செவ்வகமாக ஓடுகிறது. அறுநூறு வருஷத்துச் சுவராம், மேலே ஏறி நடக்கலாமாம். ஊருக்கு நட்டநடுவில் ஒரு மணிக்கூண்டு. நாலு திசையிலும் நாலு பெரிய வாசல்கள், நாலிலிருந்தும் நேராக மணிக்கூண்டுக்குத் தெரு.

ஏனோ கை சும்மா இருக்கவில்லை. ஹோட்டலில் வைத்திருந்த தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, வரைபடத்தில் சுவர் நெடுக வளைத்துப் பிடித்து, ஓரத்தில் போட்டிருந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்டப் பதினாலு கிலோமீட்டர். தப்பாக இருக்கும் என்று மறுபடி அளந்தேன். மறுபடியும் பதினாலு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. பாதியில் விழுந்தாலும் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. இதை முடித்துவிட்டால் அதையும் முடிப்பேன், ஊருக்கு டிக்கெட் போடுவேன். முடியவில்லையென்றால் என்ன செய்வது என்பதை அன்றிரவு நான் யோசிக்கவே மறுத்துவிட்டேன்.

எனக்கு நானே மூன்று விதி போட்டுக்கொண்டேன். ஊர் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். கோல் கூடாது. வண்டி கூடாது. செருப்பில்லாமல் என்ற விதிக்கு மட்டும் அண்ணாமலையாரிடம் பேசி விலக்கு வாங்கிக்கொண்டேன். அந்த அரை அங்குலம் இல்லாமல் நான் பத்தடிகூட நேராக நடக்க முடியாது என்பது அவருக்கே தெரியும். மடக்குக் கோலைப் பையில் வைத்துக்கொண்டேன், வைத்துக்கொண்டால் குற்றமில்லை என்று.

மறுநாள் காலை லான் டாக்ஸி எல்லாம் பேசிவைத்துவிட்டுப் புதிய தோல் ஷூ பளபளக்க லாபியில் நின்றாள். அமெரிக்காவிலிருந்து வந்தவள் சொந்த ஊரில் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதில் சீனாக்காரர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. நான் சுவர்மேல் நடக்க வேண்டும் என்றேன். சரி, ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசல் வரை என்றாள். இல்லை, முழுக்க என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள். இந்த ஊரில் பிறந்த நானே முழுக்க நடந்ததில்லை என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கு ஊர் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குத் தெற்கு வாசலில் ஏறினோம். அங்கேயே முதல் தகராறு. லான் வெயிலுக்கு முகம் கொடுத்துக் கிழக்கே போகலாம் என்றாள். நான் மேற்கேதான் என்றேன். காரணம் கேட்டாள். சொன்னால் கதை நீளும், கேட்டுவிட்டு வேண்டாம் என்று தடுத்தாலும் தடுப்பாள். போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று ஒரு பொய் சொன்னேன். என்னிடம் கேமரா இல்லை என்பது மேற்குப் பக்கம் ஒரு மைல் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அந்தச் சுவரைச் சுவர் என்று சொல்லக்கூடாது. மேலே இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் போகலாம், அவ்வளவு அகலம். இடப்பக்கம் கீழே அகழி. அகழிக் கரையில் வயசானவர்கள் கையைக் காலை நீட்டி மெதுவாக உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வலப்பக்கம் ஊர். சாம்பல் ஓட்டு வீடுகள், முற்றத்தில் காயும் மக்காச்சோளம், கம்பியில் தொங்கும் கனத்த பஞ்சுப் போர்வைகள், வாசலில் அடுக்கி வைத்த துளைபோட்ட நிலக்கரி வில்லைகள். அந்தக் கரிப்புகையின் வாசனை ஊர் முழுக்க இருந்தது. ஒரு வீட்டின் பின்கட்டில் ஒரு அம்மாள் பையனைக் குனியவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் கத்தியது எங்களுக்கு மேலே வரை கேட்டது.

தென்மேற்கு மூலை மட்டும் வட்டமாக வளைந்திருந்தது, மற்ற மூன்றும் நேர் மூலைகள். ஏன் என்று லானிடம் கேட்டேன். ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், ஒன்றும் நம்பாதே என்றாள். மேற்கு வாசல் வந்ததும் நான் ஊருக்குள் நேராகப் போகும் தெருவைப் பார்த்து நின்று, புகைமூட்டத்தில் பாதி தெரிந்த மணிக்கூண்டைக் கும்பிட்டேன். அதுதான் அன்றைக்கு என் மலை. லான் இதையும் பார்த்தாள். அதற்குள்ளே ஒரு மணியைத் தவிர ஒன்றும் இல்லை என்று தகவல் சொன்னாள். வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவள் படித்த பள்ளிக்கூடம் தெரிந்தது. அவர்கள் குடியிருந்த முற்றத்து வீட்டை மட்டும் எவ்வளவு தேடியும் காணவில்லை. அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம் நின்றது.  அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வடமேற்கு மூலை தாண்டி, வடக்கு வாசலை நெருங்கும்போது என் மால் கணக்கான நாலு மைல் தீர்ந்தது. கம்பி இருக்கும் இடத்தில் ஒரு கொதிப்பு ஆரம்பித்தது. அது எனக்குப் பழகிய கொதிப்புதான், ஆனால் வழக்கமாக அது வரும்போது நான் காரில் ஏறியிருப்பேன். வடக்கு வாசலில் மணிக்கூண்டைக் கும்பிட நின்றவள், கும்பிட்டதைவிட அதிக நேரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தேன். லான் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "இன்றைக்கு நேற்றைவிட மோசம்" என்றாள்.

அதற்கப்புறம்தான் வரைபடத்தில் என் நூல் எனக்குச் சொல்லாத ஒன்று வந்தது. சுவர் நின்றுவிட்டது. ரயில் நிலையத்துக்கு எதிரே, ரோடு போவதற்காக எப்போதோ சுவரை வெட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு மொட்டை விளிம்பு, அந்தப் பக்கம் தூரத்தில் இன்னொரு மொட்டை விளிம்பு, நடுவில் பஸ்ஸும் மூட்டையும் மனிதர்களுமாக ஒரு பெருங்கூட்டம். கீழே இறங்கி, கூட்டத்தைக் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி ஏற வேண்டும். எனக்குச் சமதளம் பிரச்சினை இல்லை, படிதான் எமன். ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து இறங்கினேன். கடைசிப் படிகளில் கால் மடங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

லான் ரோட்டுக்குப் போய் ஒரு டாக்ஸியை நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கிழக்கு வாசலில் இறக்கிவிடச் சொல்கிறேன், அங்கிருந்து ஹோட்டல், எட்டு ஒன்பது கிலோமீட்டர் நடந்தாயிற்று, யார் கேட்கப்போகிறார்கள் என்றாள். யார் கேட்கப்போகிறார்கள். உண்மைதான். நான் எழுந்தேன், நொண்டிக்கொண்டு போனேன், ஏறி உட்கார்ந்தேன். ஆமாம், உட்கார்ந்தேன். அந்த சீட்டின் மெத்தை என் தொடைக்குக் கொடுத்த சுகத்தை இப்போதுகூட என்னால் சொல்ல முடியும்.

டாக்ஸி நகர்ந்தது. வலப்பக்கம் ஒடித்து ஊருக்குள் நுழைந்தது. அந்த ஒடிப்பில் ஊர் என் வலப்பக்கத்திலிருந்து நழுவி, முன்னால் வந்து, இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. அந்தக் கணத்தில் எனக்கு அம்மா முகம் தெரிந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். தெரியவில்லை. எனக்கு வந்தது கோபம், வெறும் கோபம், என் மேலேயே. நிறுத்து நிறுத்து என்று தமிழில் கத்தினேன். டிரைவருக்கு எந்த மொழி புரிந்ததோ, சடக்கென்று நிறுத்தினார். மொத்தம் இருபது முப்பது அடி போயிருக்கும்.

இறங்கி, வண்டியில் ஏறிய அதே இடத்துக்குத் திரும்பி நடந்தேன். அடையாளம் சுலபம். ஒரு ஆள் தார் டிரம்மை அடுப்பாக்கி, அதன் மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார், அவருக்குப் பக்கத்தில்தான் டாக்ஸி நின்றது. டிரம் பக்கத்தில் போய் நின்றேன். லான் என் பின்னாலேயே வந்தாள். சான் ஹோசே லேபில்கூட அவளை அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. உனக்குப் பைத்தியமா என்று கேட்டாள். அப்போதுதான் நடைபாதையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மலை, வேண்டுதல், மூன்று வருஷமாக நான் சொன்ன பொய்கள், மாலில் எதிர்த்திசையில் நடந்தது, கும்பிட்டது, வலப்பக்கம். சொல்லும்போது அழுதேன். அழுகைக்குக் கால்வலியைக் காரணம் சொல்ல வசதியாக இருந்தது.

லான் கேட்டு முடித்தாள். "உன் கடவுள் நம் க்யூ.சி. மேனேஜரைவிடக் கறாரானவர் போலிருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு கோபம் குறையாமலே போய் இரண்டு கிழங்கு வாங்கி வந்து, என் பக்கத்தில் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து, தன் பளபளக்கும் ஷூக்களைக் கழற்றினாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வெடித்து ரத்தம். வடமேற்கு மூலையிலிருந்தே அவளுக்கு நடக்க முடியவில்லையாம். டாக்ஸி எனக்காகத்தான் என்று நான் உருகியதில் பாதி வீண். இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தோம். கிழங்குக்காரர் எங்களைப் பார்த்துத் தானும் சிரித்தார். தோலை உரித்தால் உள்ளே தேன் மாதிரி வழிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ தின்றிருக்கிறேன், அந்த ருசி வரவில்லை.

நான் பையைத் திறந்து மடக்குக் கோலை எடுத்து லானிடம் கொடுத்தேன். முதலில் முறைத்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள். ஷூவின் பின்பக்கத்தைக் குதிகாலால் மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி போட்டுக்கொண்டு, கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தில் புகுந்தோம். என் வலப்பக்கம் ஊர் இருக்கிறதா என்று இப்போது அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு இடத்தில் பஸ் வரிசையைச் சுற்ற வேண்டி நான் கொஞ்சம் திரும்பியபோது, "ரைட் சைடு, ரைட் சைடு" என்று கோலால் தட்டித் திருப்பினாள். அந்தப் பக்கத்துப் படிகளில் ஏறுவதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. ஏறினேன்.

அப்புறம் நடந்ததை என் கால் நடந்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. வலி போகவில்லை, ஆனால் அது பாட்டுக்குப் பக்கத்தில் வந்தது. கிழக்கு வாசலில் இரண்டு பேருமாக மணிக்கூண்டைக் கும்பிட்டோம். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்ற பேச்சை லான் எடுக்கவில்லை. தென்கிழக்கு மூலை திரும்பியதும் தூரத்தில் தெற்கு வாசல் கோபுரம் தெரிந்தது. காற்றாடி விட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் எங்களைப் பார்த்து லானிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லிவிட்டு எனக்கு மொழிபெயர்த்தாள். கோல் ஊன்றுகிறவளை ஏன் இப்படி நடக்கவைத்துக் கொல்கிறாய் என்று என்னைத் திட்டினாராம். என்னை, நொண்டியை, ஒருவர் நல்ல கால்காரி என்று நினைத்துத் திட்டினார். அந்தத் திட்டுக்கு நான் அவருக்குக் கோவிலே கட்டலாம்.

நாலரை மணிக்குத் தெற்கு வாசலில், காலையில் ஏறிய அதே படியின் தலைப்பில், இடது காலை வைத்தேன். பதினாலு கிலோமீட்டர், கோல் இல்லாமல். வண்டியில் போன முப்பது அடியைத் திரும்ப நடந்து நேர்செய்தாயிற்று. என்னைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. இருந்தாலும் மாலை போட்டு மேளம் கொட்டியிருந்தால்கூட அதற்கு மேல் சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். லானைக் கட்டிக்கொண்டேன். அவளுக்குக் கட்டிக்கொள்வது பிடிக்காது. அன்றைக்குப் பொறுத்துக்கொண்டாள்.

ஹோட்டலுக்குப் போவதற்கு முன் அவள் என்னை அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனாள். கெட்டி ரொட்டியை நாமே கையால் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால், அதன் மேல் ஆட்டுக்கறிச் சாறு ஊற்றித் தருவார்கள். நான் பிய்த்தது பெரிது பெரிதாக இருக்கிறது என்று லான் என் கிண்ணத்தைப் பிடுங்கித் தானே பொடிசாகப் பிய்த்தாள். சுற்றி முடித்தாகிவிட்டதால் கறி சாப்பிடலாம் என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன்.

ஆறரை மணிக்கு அறையிலிருந்து ஊருக்குப் போன் போட்டேன். லான் என் கட்டிலில் உட்கார்ந்து, வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டிருந்தாள். திருவண்ணாமலையில் மணி நாலு, அம்மா தூங்கி எழுந்திருந்தாள். ஊருக்கு வரப்போகிறேன், மலையைச் சுற்ற என்னால் முடியும் என்று சொல்லத்தான் போன் செய்தேன். ஆனால் ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டிவிட்டது, ஆட்டுக்கறியைத் தவிர.  

"ஊரு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றாள் அம்மா.

"வலது பக்கம்மா."

"முழுக்கவா?"

டாக்ஸியைச் சொன்னேன். இறங்கித் திரும்ப நடந்ததைச் சொன்னேன். அம்மா யோசித்தாள்.

"அப்ப சரி. சுத்தியாச்சு."

இல்லைம்மா, இது ஒத்திகைதான், ஊருக்கு வந்து மலையைச் சுற்றுகிறேன் என்று நான் இழுத்தேன். அம்மா என்னை முடிக்கவிடவில்லை. "வேண்டிக்கிட்டது நான்தானே? நான் சொல்றேன், சுத்தியாச்சு. மூணு வருஷமா நீ ஏன் வரலன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இனிமே நீ சும்மா வா கண்ணு. என்னப் பாக்க வா."

ரிசீவரை வைத்துவிட்டு நான் அழுத அழுகையில் லான் பயந்துபோய் வாளியிலிருந்து எழுந்துவிட்டாள். தரையெல்லாம் தண்ணீர்.

அந்த ஜனவரியில் போனேன். மலையைச் சுற்றினோம், ஆட்டோவில். அம்மா தன் பக்கத்து சீட்டில் என்னை உட்கார்த்தி, ஆட்டோக்காரரிடம் மெதுவாப் போப்பா என்று சொல்லிச் சொல்லி, வழியில் யார் யார் வீடு கட்டியிருக்கிறார்கள், யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று பேசிக்கொண்டே வந்தாள். மலையை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஆக இன்றைய தேதி வரை, திருவண்ணாமலைக்காரியான நான் எங்கள் மலையைக் காலால் சுற்றியதில்லை. சான் ஹோசேப் பக்கம் யாராவது கிரிவலம் போயிருக்கிறீர்களா என்று கேட்டால், போயிருக்கிறேன், ஆனால் சீனாவில் என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

இப்போது அந்த மால் இல்லை, இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் கட்டியிருக்கிறார்கள். அந்த லேபும் இல்லை, மைக்ரோவேவும் இல்லை. லான் ரிட்டயராகி மகனோடு டெக்சஸுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் முதல் கேள்வி என் கால் எப்படி என்றுதான். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

கடையிலிருந்து திரும்பும்போது காரிலேயே கிழங்கை உரித்தேன். மகள் டிரைவ் பண்ணிக்கொண்டே ஒரு துண்டு வாயில் வாங்கிக்கொண்டாள். அவள் போன வருஷம் பிரெண்ட்ஸோடு ஷியானுக்குப் போய் வந்தவள். சுவர்மேல் வாடகை சைக்கிளில் முழு ரவுண்டும் போனாளாம், ஒன்றரை மணி நேரத்தில். நான் எப்போதோ சொன்னதை வைத்து, நான் இறங்கி ஏறிய இடத்தைத் தேடினாளாம், அப்படி ஒரு இடமே இல்லையாம். ரயில் நிலையத்துக்கு எதிரே இப்போது வளைவு வளைவாகக் கட்டிச் சுவரை ஒட்டவைத்துவிட்டார்கள். இறங்காமலே சுற்றலாம். "தேர் இஸ் நோ கேப், அம்மா. ஆர் யூ ஷூர்?" என்றாள்.

ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, லெஃப்ட் என்று நினைக்கிறேன், ஏன் என்றாள். சும்மாதான் என்றேன். அவள் சும்மா போனவள், அவளுக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன. எனக்குத்தான் இன்னமும் வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் சுற்றினாலும் நடுவிலுள்ள ஓக் மரம் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். சுற்றி முடித்து வீட்டுக்குள் வந்தால் தண்ணீர் குடித்தாயா என்று சேகர் கேட்கிறார், எத்தனை ஸ்டெப்ஸ் என்று மகள் கேட்கிறாள். எந்தப் பக்கம் இருந்துச்சு என்று கேட்கத்தான் ஆளில்லை.